டீசலைத் தள்ளும் காற்று

கம்பளையில் உர மூட்டை ஏற்றிப் புறப்பட்ட மாமாவின் டீசல் கெப் புசல்லாவை வரை ஒழுங்காகத்தான் வந்தது. ரம்பொடை வளைவுகளில் அக்சிலேட்டரை மிதித்ததும் இழுவை சட்டென்று விழுந்து, என்ஜின் லைட் எரிந்தது. ஸ்கேனர் காட்டிய எண் பி0087, அதாவது என்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கு அதைப் பங்கிடும் குழாயான ரெயிலில் அழுத்தம் போதவில்லை. ஒரு கராஜில் உடனே ரெயிலுக்கு டீசலை அழுத்தி அனுப்பும் ஹைபிரஷர் பம்பை மாற்றச் சொன்னார்கள். பம்பில் ஒரு குறையும் இல்லை. கோளாறு அதற்கு முன்னால் இருந்தது.

எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவாக ஒரே ரெயில் உள்ள காமன் ரெயில் என்ஜின் சும்மா ஓடும்போது ரெயிலில் சுமார் 300 பார் அழுத்தம் இருக்கும். பாரத்தோடு ஏறும்போது அது 1,600 பார் வரையும் போகும். ஆனால் டாங்கியிலிருந்து பில்டர் வழியாகப் பம்புக்கு டீசல் வருவது வேறு கதை. பல கெப்களில் டாங்கிக்குள் பம்ப் கிடையாது. என்ஜினிலுள்ள பம்பே உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சுவது என்று சொல்கிறோமே தவிர, டீசலைத் தள்ளிவிடுவது டாங்கிக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம். ஸ்ட்ரோ போட்டுத் தம்பிலி குடிப்பதும் இப்படித்தான். கடல் மட்டத்தில் அந்தக் காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். 1,868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 0.8 பார்தான். கொழும்பில் சமாளித்துவிடும் பாதி அடைத்த பில்டர், என்ஜின் அதிகமாக டீசல் கேட்கும் மலை ஏற்றத்தில் கைவிட்டுவிடுகிறது. மலைக்காற்றால் மட்டும் பலம் குறைந்தால், அது மெல்ல மெல்லக் குறையும், இப்படி வெட்டாது.

உறிஞ்சும் குழாய் வெடித்திருந்தால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கீழே ஈரம் தேடிப் பயனில்லை. பில்டர் மேலுள்ள கைப்பம்பை அமுக்கிப் பாருங்கள். சில அமுக்கில் இறுகிவிட வேண்டும். எவ்வளவு அமுக்கியும் பொதபொதவென்றே இருந்தால் காற்று வருகிறது. அமுங்கியது எழும்பாமல் கிடந்தால் டாங்கிப் பக்கம் அடைப்பு.

அப்புறம் பில்டருக்கும் பம்புக்கும் நடுவே உள்ளே தெரிகிற ஹோஸ் ஒரு முழம் மாட்டினோம். முதலில் கடுகளவு குமிழ் ஒன்றிரண்டு வந்தது. ரேஸ் கொடுத்ததும் கோத்த பாசிமணி போல வரிசையாக ஓடின. டாங்கி லைனைக் கழற்றிவிட்டு, சுத்தமான டீசல் கேனிலிருந்து நேரே பில்டருக்குக் கொடுத்தோம். குமிழ் நின்றுவிட்டது. டாங்கியருகே கிளிப்புக்குக் கீழே ரப்பர் ஹோஸ் மயிரிழையாக வெடித்திருந்தது.

குமிழும் அடைப்பும் இல்லை என்றால்தான் இன்ஜெக்டர் பக்கம் போக வேண்டும். ஒவ்வொன்றின் ரிட்டர்ன் குழாயையும் தனித்தனிப் போத்தலில் விட்டால், கசியும் இன்ஜெக்டரின் போத்தல் முந்தி நிறையும். ஹைபிரஷர் குழாய்களில் மட்டும் கசிவைக் கையால் தடவித் தேடவே கூடாது; அந்த வேகத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஹோஸை மாற்றியபின் ஸ்கேனரை மாட்டியபடியே ரம்பொடை ஏறினோம். என்ஜின் கேட்ட அழுத்தமும் ரெயிலில் கிடைத்த அழுத்தமும் நுவரெலியா வரை ஒட்டியே ஓடின.