எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டுத் திரும்ப எடுக்கும் உறுப்பு

சிறுநீரகத்தை வடிகட்டி என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கழிவைப் பிரித்து வெளியேற்றும், நல்லதை உள்ளே வைத்துக்கொள்ளும் என்று. தவறில்லை. ஆனால் அது வேலை செய்யும் முறையின் அழகு அந்தச் சொல்லில் வருவதே இல்லை. ரத்தத்தின் நீர்ப்பகுதியில் கரைந்திருக்கும் சிறிய மூலக்கூறுகளில் நல்லது, கெட்டது எல்லாவற்றையும் முதலில் மொத்தமாக வெளியே தள்ளிவிடுகிறது சிறுநீரகம். அப்புறம்தான் வேண்டியதைத் தேடித் தேடித் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

கணக்கைப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து ஏறக்குறைய 300 கிராம்தான். ஆனால் ஓய்வாக இருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு அனுப்பும் 5 லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கு மேல் இவற்றுக்கே போகிறது. அதிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லிலிட்டர் நீர் வடிகிறது. ஒரு நாளைக்கு 180 லிட்டர்! உடலில் உள்ள பிளாஸ்மாவே, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியே, 3 லிட்டர்தான். அதாவது அதே நீர் தினமும் அறுபது முறை வடிகட்டப்படுகிறது. கடைசியில் சிறுநீராக வெளியேறுவது ஒன்றரை லிட்டர் போல. மீதி அத்தனையும் ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது.

இது நடப்பது நெஃப்ரான் எனும் நுண்ணிய வடிகட்டும் அலகுகளில். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் பத்து லட்சம் இருக்கும். நெஃப்ரானின் தொடக்கத்தில் நூல்கண்டு போலச் சுருண்ட ரத்தத் தந்துகிகள். அதைச் சுற்றி ஒரு கிண்ணம். இந்த அமைப்பை 1842-ல் விளக்கிய வில்லியம் பௌமனின் பெயரே கிண்ணத்துக்கு நிலைத்துவிட்டது. கண்டுக்குள் ரத்தம் வரும் குழாய் அகலம், வெளியேறும் குழாய் குறுகல். அதனால் உள்ளே அழுத்தம் ஏறி, நீர் பிதுங்கி வெளியே வருகிறது. ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் இந்தச் சல்லடையைத் தாண்டுவதில்லை. சிறுநீரில் புரதம் தொடர்ந்து தென்பட்டால், சல்லடை பழுதாகிவிட்டதோ என்று மருத்துவர்கள் சந்தேகப்படுவது இதனால்தான்.

கிண்ணத்தில் சேர்ந்த நீர் ஒரு நீண்ட குழலுக்குள் இறங்குகிறது. முதல் பகுதியிலேயே உப்பிலும் நீரிலும் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டுவிடும். குளுக்கோஸ் ஏறக்குறைய முழுவதுமாக. குளுக்கோஸைத் தூக்கிச் செல்லும் புரதங்களுக்கும் ஓர் எல்லை உண்டு. ரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் அவற்றால் சமாளிக்க முடியாது. மீந்த சர்க்கரை தன்னோடு நீரையும் இழுத்துக்கொண்டு போகும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர் அடிக்கடி சிறுநீர் கழிப்பதும், தாகத்தில் தவிப்பதும் அதன் விளைவு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் அடுத்து வருவது. குழல் சிறுநீரகத்தின் ஆழத்துக்குள் இறங்கி, கொண்டை ஊசி போல வளைந்து மேலே ஏறுகிறது. இது ஹென்லே வளைவு. இந்த ஏற்ற இறக்கத்தில் உப்பு வெளியே இறைக்கப்பட்டு, அதோடு யூரியாவும் சேர, குழலைச் சுற்றியுள்ள ஆழ்பகுதித் திரவத்தின் செறிவு ரத்தத்தைப் போல நான்கு மடங்குவரை ஏறிவிடுகிறது. சரி, எதற்கு இத்தனை செறிவு? வெளியேறும் கடைசிக் குழாய் இந்தப் பகுதி வழியாகத்தான் போயாக வேண்டும். உடலில் நீர் குறைந்தால் மூளையிலிருந்து வாசோபிரெசின் என்ற ஹார்மோன் வரும். உடனே குழாய்ச் சுவரில் அக்வாபோரின் எனும் நீர்வாசல்கள் கூடும். செறிவு இருக்கும் பக்கத்துக்கு நீர் தானாகவே போய்விடும். சிறுநீர் அடர்மஞ்சளாகும். நீர் நிறையக் குடித்தால் வாசல்கள் உள்ளே இழுக்கப்பட்டு, சிறுநீர் வெளிறிப்போகும். அக்வாபோரினைக் கண்டறிந்ததற்காக பீட்டர் அக்ரே 2003-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வளவு நீரை வெளியேற்றித் திரும்ப எடுப்பது வீண் உழைப்பில்லையா? இல்லை என்றே நினைக்கிறேன். கழிவைப் பார்த்துப் பொறுக்குவதென்றால் ஒவ்வொரு கழிவையும் அடையாளம் காண ஒரு கருவி வேண்டும். இங்கே வேண்டியவற்றின் பட்டியல் மட்டும் போதும். நேற்று ஆய்வகத்தில் உருவான ஒரு புதிய மூலக்கூறு நீரில் கரைந்து வடிந்துவிட்டால், அதைத் திரும்ப எடுக்கப் பெரும்பாலும் ஆள் இருக்காது, தானாகவே போய்விடும். பென்சிலின் போன்ற சிலவற்றைக் குழலே நேரடியாக ரத்தத்திலிருந்து இறைத்து வெளியேற்றுவதும் உண்டு.

நெஃப்ரான்கள் பிறப்பதற்கு முன்பே உருவாகி முடிந்துவிடுகின்றன. பிறகு புதிதாக ஒன்றுகூட முளைப்பதில்லை. சில அழிந்தால் மற்றவை பெரிதாகி, அவற்றின் வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்கின்றன. அதனால் வலி எதுவும் தெரியாது. திறனில் பாதி போன பிறகுகூட ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளின் அளவு சரியாக இருப்பதாகவே பரிசோதனைத் தாள் காட்டக்கூடும்.