‘என்ன இப்படிச் சதை போட்டுட்ட?’ என்ற கேள்வி உடம்புக்குள் செய்யும் வேலை

கல்யாண மண்டபத்தில் இரண்டு வருடம் கழித்துப் பார்க்கும் பெரியம்மா, “சௌக்கியமா?” என்று கேட்பதற்கு முன்பே “என்னடி இப்படிச் சதை போட்டுட்ட?” என்று கேட்டுவிடுவார். வகுப்பில் பருமனாக இருக்கும் பையனுக்கு வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயர் இருந்தாலும் கூப்பிடுவதற்கு “குண்டு”தான். வரன் பார்க்கத் தொடங்கிய வீட்டில் மூன்றாவது தோசைக்குக் கை நீண்டால் அம்மாவின் பார்வையே போதும். இப்படிப் பேசுகிறவர்களில் பெரும்பாலோர் கெட்ட மனதுக்காரர்கள் இல்லை. அக்கறையில்தான் சொல்கிறார்கள். அவர்களிடம் ஒரு கணக்கு இருக்கிறது: நாலு வார்த்தை சுருக்கென்று சொன்னால் ரோஷம் வரும், ரோஷம் வந்தால் வாயைக் கட்டுவாள், வாயைக் கட்டினால் உடம்பு தானாக இறங்கும்.

இந்த ரோஷக் கணக்கு சரியா என்று சோதித்துப் பார்க்க முடியும். உளவியலாளர்கள் பல விதமாகச் சோதித்திருக்கிறார்கள். கிடைத்த விடைகள் பெரும்பாலும் பெரியம்மாவின் கணக்குக்கு நேரெதிர்.

நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினருக்கும் ஆண்களில் 37 விழுக்காட்டினருக்கும் எடை வரம்பைத் தாண்டியிருக்கிறது. அதற்கு முந்தைய 2015–16 ஆய்வில் பெண்களின் அளவு 30.9 விழுக்காடுதான். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் வீடுகளில் கேலியும் ஏச்சும் குறைந்துபோனதால்தான் எடை கூடியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் ஒரு நீண்டகால ஆய்வு. அமெரிக்காவில் 2,379 சிறுமிகளைப் பத்து வயது வாக்கில் தொடங்கிப் பத்தொன்பது வயது வரை பின்தொடர்ந்தார்கள். பத்து வயதில் அவர்களிடம் கேட்ட பல கேள்விகளுள் ஒன்று: “நீ ரொம்பக் குண்டு என்று அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள், தோழிகள், ஆசிரியர் என யாராவது உன்னிடம் சொன்னதுண்டா?” ஐம்பத்தெட்டு விழுக்காட்டினர் “ஆம்” என்றார்கள். ஒன்பது ஆண்டுகள் கழித்து, உடற்பருமன் என்று மருத்துவம் வரையறுக்கும் எல்லைக்குள் யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தபோது, அப்படிச் சொல்லப்பட்ட சிறுமிகளே கூடுதலாக இருந்தார்கள்.

“குண்டாக இருந்த பிள்ளையைத்தானே குண்டு என்றிருப்பார்கள், அவள் பின்னாலும் குண்டாக இருப்பதில் என்ன அதிசயம்?” என்று தோன்றும். ஜெஃப்ரி ஹங்கர், ஜேனட் டோமியாமா என்ற ஆய்வாளர்களுக்கும் அதுதான் முதல் கேள்வி. பத்து வயதில் இருந்த எடை, குடும்ப வருமானம், இனம், பூப்படைந்த வயது ஆகியவற்றையெல்லாம் கழித்துவிட்டுத்தான் ஒப்பிட்டார்கள். பத்து வயதில் ஒரே எடையில் இருந்த இரண்டு சிறுமிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தியிடம் “நீ குண்டு” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், மற்றவளிடம் சொல்லவில்லை. முதலாமவள் பத்தொன்பது வயதில் உடற்பருமனோடு இருக்கும் வாய்ப்பு விகிதம் 1.66 மடங்கு. வெளியார் சொன்னதைவிட வீட்டார் சொன்னதன் தாக்கம் சற்றுக் கூடுதல். 2014-இல் வெளியான இந்த முடிவைப் பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். இதிலிருந்து மட்டும் காரண காரியத்தை நிறுவிவிட முடியாது; அதற்கு ஆய்வுக்கூடச் சோதனைகள் வேண்டும். அவையும் இருக்கின்றன.

தி. நகரில் ஒரு ஆயத்த ஆடைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெண் சுடிதார் ஒன்றை எடுத்து உடம்போடு வைத்துப் பார்க்கிறாள். விற்பனைப் பெண் மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “அக்கா, உங்களுக்கு இதுல சைஸ் வராது, அந்தப் பக்கம் பாருங்க” என்கிறாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் பக்கத்தில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். இந்த நொடியைக் கிட்டத்தட்ட அப்படியே ஆய்வுக்கூடத்தில் நடத்திப் பார்த்தது டோமியாமாவும் சகாக்களும் சேர்ந்த ஒரு குழு. கடையில் துணி வாங்கும் பழக்கம் பற்றிய ஆய்வு என்று சொல்லிக் கல்லூரி மாணவிகளை வரவழைத்தார்கள். சிலரிடம் “இந்த உடைகளுக்கு உங்கள் உடல்வாகு பொருந்தாது” என்று நயமாக மறுத்தார்கள். மற்றவர்களிடம் வேறு பொதுவான காரணம் சொன்னார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்து, அதில் கார்ட்டிசால் அளவைப் பார்த்தார்கள்.

கார்ட்டிசால் என்பது மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன். மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதி அபாயத்தை உணர்ந்து பிட்யூட்டரிக்குச் செய்தி அனுப்ப, பிட்யூட்டரி சிறுநீரகத்தின் மேலே உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளைத் தூண்ட, அங்கிருந்து கார்ட்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. நாய் துரத்தினாலும் இதே பாதைதான். நாலு பேர் முன்னால் மானம் போனாலும் இதே பாதைதான். தன்னைப் பருமன் என்று நினைத்துக்கொண்டிருந்த மாணவிகளிடம், உடல்வாகைக் காரணம் காட்டி மறுத்தபின் கார்ட்டிசால் இறங்காமல் நின்றது. தன் உடம்பு சராசரிதான் என்று நினைத்தவர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஒரு வாக்கியம், அதுவும் நயமாகச் சொன்ன வாக்கியம், இந்த வேலையைச் செய்திருக்கிறது.

கார்ட்டிசால் நீண்ட நேரம் உயர்ந்தே இருந்தால் பசியைக் கிளறுகிறது. குறிப்பாக இனிப்பும் கொழுப்பும் நிறைந்த பண்டங்கள் மீது ஆசையைத் தூண்டுகிறது. கொழுப்பை வயிற்றுப் பகுதியில் சேர்த்துவைக்கவும் தோதாகிறது. யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஒரு சோதனையில் இது தட்டிலேயே தெரிந்தது. எடை கூடிய பெண்களில் ஒரு பகுதியினருக்குப் பருமனானவர்களைக் கேலி செய்யும் காட்சிகளையும், மற்றவர்களுக்கு யாரையும் புண்படுத்தாத காட்சிகளையும் காட்டினார்கள். பிறகு எல்லோர் முன்னாலும் தின்பண்டங்களை வைத்தார்கள். சாதாரணக் காட்சியைப் பார்த்தவர்கள் சராசரியாக 89 கிலோகலோரி சாப்பிட்டார்கள். கேலியைப் பார்த்தவர்கள் சாப்பிட்டது சராசரியாக 303 கிலோகலோரி, மூன்று மடங்குக்கும் மேல். ரோஷம் வந்தால் வாயைக் கட்டுவார்கள் என்ற கணக்கு இங்கேதான் உடைகிறது.

அத்தோடு நிற்பதில்லை. எடைக்காகக் கேலிக்கு ஆளானவர்கள் பிறர் கண்ணில் படும்படி உடற்பயிற்சி செய்வதைத் தவிர்க்கிறார்கள் என்பதும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. இது நமக்கு ஆய்வு இல்லாமலே புரியும். விளையாட்டு வகுப்பில் ஓடும்போது குலுங்கும் உடம்பைப் பார்த்து ஒரு தடவை வகுப்பே சிரித்தால், அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு வயிற்றுவலி வந்துவிடும். கேலி, அழுத்தம், கூடுதல் தீனி, குறையும் ஓட்டம், கூடும் எடை, மறுபடி கேலி. இந்தச் சுழலைத்தான் டோமியாமா ஒரு கோட்பாடாக முன்வைத்தார். வயதானவர்களும் இதற்கு விலக்கில்லை. ஏஞ்சலினா சூட்டினும் அன்டோனியோ டெராச்சியானோவும் ஐம்பது வயது தாண்டிய 6,157 அமெரிக்கர்களின் தரவை ஆராய்ந்தார்கள். 2006-இல் உடற்பருமன் இல்லாமல் இருந்தவர்களில், எடையின் பேரால் இழிவாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்கள் நான்கே ஆண்டுகளில் உடற்பருமனுக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 2.5 மடங்கு இருந்தது.

எடையை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். எனக்கு இதைவிடப் பெரிய நஷ்டமாகப் படுவது வேறொன்று. தன் உடம்பை உள்ளிருந்து வாழ்வதை விட்டுவிட்டு, வெளியே நிற்கும் ஒருவரின் கண்ணால் ஓயாமல் பார்த்துக்கொண்டே இருக்கும் பழக்கம். பேசும்போது துப்பட்டாவை இழுத்து வயிற்றை மறைப்பது, குடும்பப் படத்தில் எப்போதும் பின்வரிசைக்கு ஒதுங்குவது, உட்காரும் முன் நாற்காலியை அளப்பது. இந்தக் கண்காணிப்புக்கு மூளை விலை கொடுக்கிறது. பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழுவினர் 1998-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், மாணவ மாணவியரைத் தனியறையில் கண்ணாடி முன் நீச்சலுடையோ ஸ்வெட்டரோ அணியவைத்து, அந்த உடையிலேயே கணக்குப் போடச் சொன்னார்கள். அறையில் வேறு யாரும் இல்லை. நீச்சலுடை அணிந்த பெண்களின் மதிப்பெண் ஸ்வெட்டர் அணிந்த பெண்களைவிடக் குறைந்தது. ஆண்களிடம் அந்தக் குறைவு இல்லை. யாரும் பார்க்காதபோதும் பார்க்கும் அந்தக் கண் எங்கிருந்து வந்தது? பத்து வயதில் தோசைத் தட்டின்மேல் விழுந்த பார்வையும் அதற்குள் சேர்ந்திருக்கும்.

பிறரைச் சொல்லும் பேச்சு மட்டுமே இதை வளர்ப்பதில்லை. “ஐயோ, பாயசம் வேண்டாம், ஏற்கெனவே பீப்பாய் மாதிரி ஆயிட்டேன்” என்று நம்மைப் பற்றியே நாம் சொல்லிக்கொள்கிறோம். உடனே பக்கத்து இலைக்காரி, “நீயே இப்படிச் சொன்னா நான் என்ன சொல்றது?” என்று பதில் சொல்வாள். மானுடவியலாளர்கள் 1990களிலேயே அமெரிக்கப் பள்ளி மாணவிகளிடம் இந்த உரையாடலைக் கவனித்து ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார்கள். 2003-இல் ஒரு சோதனையில், ஒல்லியான ஒரு பெண் தன் உடம்பைப் பற்றிப் புலம்புவதைச் சும்மா கேட்டுக்கொண்டிருந்த மாணவிகளுக்கே தங்கள் உடம்பின்மீது அதிருப்தி கூடியது. தாம்பூலம் வாங்கும் வரிசையில் அம்மாவின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் குழந்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

இந்த அதிருப்தி பிறவியிலேயே வருவது அன்று என்பதற்கு நான் அறிந்த அழுத்தமான சான்று ஃபிஜித் தீவிலிருந்து வருகிறது. அங்கே நட்ரோகா பகுதியின் பழங்குடி மக்களிடையே நல்ல புஷ்டியான உடம்புதான் அழகு, செழிப்பு, வீட்டார் நன்றாகக் கவனித்துக்கொள்கிறார்கள் என்பதன் அடையாளம். இளைத்துப்போனால் கவலைப்படுவார்கள். விடுதியிலிருந்து வரும் பேத்தியிடம் “இளைச்சுட்டியே, அங்க சோறு போடலையா?” என்று கேட்கும் நம் பாட்டிகளுக்கு இது அந்நியமாகத் தெரியாது. 1995-இல் அந்தப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த ஆன் பெக்கர், அது வந்த சில வாரங்களிலும் மூன்று ஆண்டுகள் கழித்தும் பள்ளி மாணவிகளிடம் ஆய்வு நடத்தினார். எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாகச் சொன்னவர்கள் முதல் ஆய்வில் ஒருவர்கூட இல்லை; 1998-இல் 11.3 விழுக்காடு. தாங்கள் ரொம்பப் பருமன் என்று சில சமயமாவது நினைப்பதாக 74 விழுக்காட்டினர் சொன்னார்கள். மாணவிகளின் எண்ணிக்கை சிறியது, இரண்டு முறையும் வேறு வேறு மாணவிகள் என்ற வரம்புகள் உண்டு. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக இருந்த ஒரு கண்ணோட்டம் மூன்றே ஆண்டுகளில் இப்படி ஆட்டம் காணும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

ஏச்சுக்கு அடியில் இன்னொரு நம்பிக்கை இருக்கிறது: உடம்பு பெருத்தால் அது தின்பவரின் குற்றம். 1994-இல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு லெப்டின் என்ற ஹார்மோனுக்கான மரபணுவைக் கண்டுபிடித்தது. கொழுப்புத் திசுவே சுரந்து, “போதும், சேமிப்பு இருக்கிறது” என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அது. மூன்று ஆண்டுகளில் கேம்பிரிட்ஜில் சதாஃப் ஃபரூக்கி, ஸ்டீபன் ஓ’ராஹிலி ஆகியோரிடம் பாகிஸ்தானிய வம்சாவளியைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் இரண்டு குழந்தைகள் வந்தார்கள். எட்டு வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. அவளுடைய உறவுக்காரச் சிறுவனுக்கு இரண்டே வயது, 29 கிலோ. இருவர் உடம்பிலும் லெப்டின் கிட்டத்தட்ட இல்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் மூளைக்குப் பட்டினிச் செய்திதான் போய்க்கொண்டிருந்தது. சிறுமிக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கியதும் பசி அடங்கியது. ஓராண்டில் 16 கிலோவுக்கு மேல் இறங்கியது. இந்தக் குறைபாடு மிக மிக அரிது. பெரும்பாலோரின் எடையைப் பல மரபணுக்கள், சுற்றியுள்ள உணவு, தூக்கம், மருந்துகள், தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை எனப் பலவும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. ஆனால் பசி என்பது மன உறுதியின் தேர்வு மட்டும் இல்லை என்று அந்தக் குழந்தைகள் காட்டிவிட்டார்கள்.

“அப்படியென்றால் சர்க்கரை வியாதி வருமே, சொல்லாமல் இருக்கலாமா?” என்பது நியாயமான கேள்வி. தெற்காசியர்களுக்கு அந்த ஆபத்து உண்மையானது, மற்றவர்களைவிடக் குறைந்த எடையிலேயே வருவது. அதனாலேயே கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது நமக்கு இன்னும் மோசமான அளவுகோல். புணே மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், தன்னையும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யுட்கினையும் ஒப்பிட்டு 2004-இல் லான்செட் இதழில் ஒரு படம் வெளியிட்டார். உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடம்பில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2. “நீ ஸ்லிம்மா இருக்க, உனக்கென்ன?” என்று பாராட்டப்படுகிற பலர் இரத்தப் பரிசோதனைக்கே போகாமல் இருந்துவிடுகிறார்கள். “குண்டு” என்று ஏசப்படுகிறவர்களோ, முழங்கால் வலி என்று போனாலும் காது வலி என்று போனாலும் “முதல்ல எடையைக் குறைங்க” என்றே கேட்டுச் சலித்து மருத்துவமனைப் பக்கம் போவதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

வீட்டில் எதைப் பேசலாம் என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. மினசோட்டாவில் ஜெரிகா பெர்க் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையின் எடையைப் பற்றிப் பேசும் பெற்றோரின் பிள்ளைகளிடம் பட்டினி கிடப்பது போன்ற தவறான வழிகள் அதிகமாகக் காணப்பட்டன. எடையை இழுக்காமல் நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அவை குறைவு. எடை கூடிய பிள்ளைகளிடமும் அப்படித்தான். ஆகவே “இன்னிக்குக் கீரை கூட்டு வச்சிருக்கேன்”, “சாயங்காலம் கடற்கரை வரைக்கும் நடந்துட்டு வரலாமா?” என்று வீட்டில் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லலாம், ஒரு பிள்ளையை மட்டும் தனியாகப் பிரித்து அவள் தட்டை எண்ண வேண்டாம். மருத்துவர்களுக்கான வழிகாட்டுதல்களும் இதே திசையில்தான் போகின்றன: எடையைப் பற்றிப் பேசும் முன் “இதைப் பத்திப் பேசலாமா?” என்று நோயாளியிடம் அனுமதி கேளுங்கள், வந்த வலிக்கு முதலில் வைத்தியம் பாருங்கள், அகலமான கையுள்ளவருக்குப் பொருந்தும் இரத்த அழுத்தப் பட்டையை மேசையிலேயே வைத்திருங்கள்.