ஊஞ்சலுக்கு அந்த டப்பாவிலிருந்து போல்ட் எடுக்காதீர்கள்

போன வாரம் பட்டறை ஷட்டரை ஏற்றிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் காகிதப் பொட்டலத்தோடு வந்து நின்றார். பிரித்தால் இரண்டாக முறிந்த ஒரு 6 எம்எம் போல்ட். வீட்டுக் கூடத்து ஊஞ்சலின் சங்கிலியை மேல் வளையத்தோடு கோத்திருந்த போல்ட்டாம். முறிந்தபோது ஊஞ்சலில் இருந்தது அவருடைய அம்மா. பலகை தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம்தான் என்பதால் இடுப்பில் ரத்தக்கட்டோடு போயிற்று.

"எஸ்எஸ் போல்ட்டுங்ணா. பாருங்க, துருவே பிடிக்கலை. எப்படி உடைஞ்சது?"

எஸ்எஸ் என்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், நம் எவர்சில்வர். துரு பிடிக்கவில்லை, உண்மைதான். இரண்டு துண்டும் பளபளவென்றுதான் இருந்தன.

இந்த வருடத்தில் இப்படி என் மேஜைக்கு வந்த மூன்றாவது போல்ட் இது. மூன்றும் ஆன்லைனில் விற்கும் "1000 பீஸ்" நட்டு போல்ட் டப்பாவிலிருந்து வந்தவை. ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதி வைக்கிறேன்.

முறிந்த முகத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன். முக்கால்வாசி வழவழப்பாக மங்கியிருந்தது. ஓரத்தில் பிறை அளவுக்கு மட்டும் சொரசொரவென்று புதுசாக மின்னியது. அதாவது அன்றைக்கு உடைந்தது அந்தப் பிறை மட்டும்தான். மீதி முக்கால்வாசி பல நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக விரிசல் விட்டுக்கொண்டே வந்திருக்கிறது. சங்கிலி வளையம் உட்கார்ந்த இடத்தில் மரை தேய்ந்து மொட்டையாகியிருந்தது. வெர்னியர் அளவுகோல் வைத்தேன்: தேயாத இடத்திலேயே 5.7 எம்எம். 6 எம்எம் போல்ட்டின் மரை வெளிவிட்டம் 5.79-க்குக் கீழே போகவே கூடாது. தலையைத் திருப்பினால் ஒரு எழுத்தும் இல்லை, ஒரு எண்ணும் இல்லை.

இப்போது எஸ்எஸ் விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் எரிச்சலூட்டுவது இதுதான். எஸ்எஸ் என்றால் துரு பிடிக்காது என்று அர்த்தம். பலம் என்று அர்த்தம் இல்லை. உங்கள் வீட்டு எவர்சில்வர் கரண்டி துரு பிடிக்கிறதா? இல்லை. கெட்டியான புளியில் விட்டு அழுத்தினால் வளைகிறதா? வளைகிறது. அவ்வளவுதான் விஷயம்.

எண்ணாகவே சொல்கிறேன். நல்ல எஸ்எஸ் போல்ட்டின் தலையில் ஏ2-70 என்று இருக்கும். சதுர மில்லிமீட்டருக்கு 700 நியூட்டன் இழுத்தால்தான் அறும்; ஆனால் 450-லேயே நிரந்தரமாக நீள ஆரம்பித்துவிடும். சாதாரண இரும்பு 8.8 போல்ட் அறுவது 800-ல், நீள ஆரம்பிப்பது 640-ல். ஆக, விலை குறைந்த கறுப்பு போல்ட்தான் பலசாலி. ஏ2-50 என்று ஒரு ரகமும் உண்டு, அது 210-லேயே கையைத் தூக்கிவிடும். எழுத்தே இல்லாத டப்பா எஸ்எஸ் இதில் எது? விற்றவருக்கே தெரியாது.

"காந்தம் வச்சுப் பார்த்தேன், ஒட்டலை, ஒரிஜினல் 304" என்பார்கள் அடுத்து. 304, 202 என்பதெல்லாம் எஸ்எஸ் ரகங்கள். ஐயா, மட்டமான 202-லும் காந்தம் ஒட்டாது. அசல் 304-ஐக் குளிர்நிலையில் அடித்துத் தலை எடுத்திருந்தால் அதில் லேசாக ஒட்டவும் செய்யும். காந்தத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலேயே விட்டுவிடுங்கள்.

8.8 என்றதும் ஒருவர் "எனக்கு 8 எம்எம் போதும், 8.8 வேண்டாம்" என்றார். அளவு இல்லை அது, தரம். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால் அறும் வலிமை. அதில் பத்தில் எத்தனை பங்கு வரை இழுத்தால் பழைய நீளத்துக்குத் திரும்பும் என்பது இரண்டாவது எண். 4.8 என்றால் 400, 320. ஐஎஸ் 1367 என்ற இந்தியத் தரப்படி 5 எம்எம்மும் அதற்கு மேலும் உள்ள அறுகோணத் தலை போல்ட்டில் இந்த எண்ணும் செய்தவர் குறியும் இருக்க வேண்டும். தலை மொட்டையாக இருந்தால் அதை 4.8-க்கும் கீழே என்று வைத்துக்கொள்வதுதான் எங்கள் வழக்கம்.

கணக்குத் தெரிந்தவர்கள் மடக்குவார்கள்: "6 எம்எம் 4.8 போல்ட்டே நேராக இழுத்தால் 800 கிலோ தாங்குமே, அம்மா 60 கிலோதானே?" நேராக, ஒரு தடவை, அசையாமல் இழுத்தால் தாங்கும். ஊஞ்சல் அப்படியா ஆடுகிறது? 60 டிகிரி வரை வீசி ஆடினால் கீழே வரும் ஒவ்வொரு முறையும் இழுவை எடையைப் போல இரண்டு மடங்கு. பேரப்பிள்ளைகள் ஆடினால் ஒரு மாலையில் எத்தனை நூறு தடவை! அதிலும் இங்கே வளையம் மரை மேலேயே உட்கார்ந்து அறுத்துக்கொண்டிருந்தது. மரையின் ஒவ்வொரு பள்ளமும் விரிசலுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதுதான். ஊஞ்சலுக்குத் தாங்கும் பளு எழுதிய, அடித்து உருவாக்கிய 12 எம்எம் டி ஷேக்கிள் (குறுக்கே முளை போட்ட டி வடிவ இரும்பு வளையம்) போடுங்கள். பேரிங் கொக்கி கிடைத்தால் இன்னும் நல்லது.

டப்பாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் வீட்டிலும் இரண்டு இருக்கிறது. அலமாரிக் கைப்பிடி, சைக்கிள் மட்கார்டு, கம்ப்யூட்டர் கேபினெட், மிக்ஸியின் ரப்பர் கால், இதற்கெல்லாம் அது தங்கம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு 4 எம்எம் நட்டுக்காக யார் கடை தேடி அலைவது?

வாங்கும்போது பீஸ் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். ஆயிரத்தில் பாதிக்கு மேல் நட்டும் வாஷரும்தான். மிச்சத்தில் வீட்டில் எதற்கும் பொருந்தாத 2 எம்எம், 2.5 எம்எம் ஒரு குவியல். உங்களுக்கு ஓயாமல் வேண்டியது 4, 5, 6 எம்எம்மில் 16 முதல் 40 வரை நீளம். டப்பாவில் அது பத்துப் பத்து இருந்தாலே அதிகம். அப்புறம், மூடியை அழுத்திப் பாருங்கள். தடுப்புக்கும் மூடிக்கும் நடுவே இடைவெளி இருந்தால் 3 எம்எம் நட்டுகள் எல்லா அறைக்கும் சுற்றுலா போகும். ஒரே ஒரு தடவை டப்பா கவிழட்டும், பிரித்து வைக்க ஒரு விடுமுறை நாள் போய்விடும்.

வந்ததும் ஒரு போல்ட்டைப் பலி கொடுங்கள். நட்டை விரலாலேயே கடைசி வரை ஓட்டுங்கள். லொடலொடவென்று ஆடக்கூடாது, சிக்கவும் கூடாது. வைஸில் பிடித்து ஸ்பேனரால் இறுக்கிக்கொண்டே போங்கள். நல்ல போல்ட் இறுகும்போது கையை எதிர்க்கும். மட்டமானது இறுகுவதுபோல் காட்டிவிட்டு ஒரு கட்டத்தில் வெண்ணெயில் போவதுபோல் சும்மா சுற்றும். ஸ்பேனர் தலையில் வழுக்கினாலும் சந்தேகப்படுங்கள்: 6 எம்எம் போல்ட்டின் தலைக்கு 10 ஸ்பேனர், 8 எம்எம் போல்ட்டின் தலைக்கு 13 ஸ்பேனர் கச்சிதமாகப் பிடிக்க வேண்டும். ஸ்பிரிங் வாஷரை ஒருமுறை நசுக்கிப் பாருங்கள். தட்டையாகி அப்படியே கிடந்தால் அது வெறும் வளையம்.

எஸ்எஸ் போல்ட்டில் எஸ்எஸ் நட்டை டிரில்லால் விர்ரென்று ஓட்டாதீர்கள், பாதியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு சொட்டு கிரீஸ், கை ஸ்பேனர்.

நூல் கணக்குப் போல்ட்டையும் இதில் கலக்காதீர்கள். பழைய மோட்டாரிலும் கேட்டிலும் இருப்பது 2 நூல், அதாவது கால் இன்ச். அந்த நட்டில் 6 எம்எம் போல்ட் இரண்டு சுற்று இனிமையாகப் போகும். பிறகு பிடிக்கும். பிடித்த இடத்தில் நிறுத்தாமல் "கொஞ்சம் டைட்டு" என்று ஸ்பேனர் போடுகிறவர்களுக்குத்தான் மரை கழன்றிருக்கிறது என்பேன்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் கறுப்பு ஜிப்சம் ஸ்க்ரூவில் பரண் பலகை மாட்டாதீர்கள். ஜிப்சம் போர்டைப் பிடிக்கச் செய்த பொருள் அது, கடினப்படுத்திய எஃகு. வளையாது, எச்சரிக்காது, பாரம் குறுக்கே வந்தால் பட்டென்று தலை தெறிக்கும். கீழே யார் நிற்பார்கள் என்று யோசியுங்கள்.

பாரம் தாங்கும் வேலைக்கு 6 எம்எம்மிலும் அதற்கு மேலும் 8.8 எழுதிய போல்ட்டை ஹார்டுவேர் கடையில் உதிரியாக வாங்குங்கள், எட்டாம் தர நட்டோடு. அளவுக்கு இருபது வாங்கினால் வருடக்கணக்கில் வரும்.

இதையெல்லாம் அந்த மனிதருக்கும் சொன்னேன். பொறுமையாகத் தலையாட்டினார். நாலு டி ஷேக்கிள் எழுதிக் கொடுத்தேன். கிளம்பும்போதுதான் தோன்றிற்று. "ஊஞ்சல் இப்ப கழட்டித்தானே வச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"இல்லீங்ணா, டப்பாவுல இருந்து இன்னொண்ணு மாட்டிட்டுத்தான் வந்தேன். பையன் அதுலதான் உக்காந்து படிச்சிட்டிருக்கான்."

போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.