பிழை காட்டவில்லை என்பதாலேயே சி.டி. பிரதி சரியாகிவிடாது

பழைய இசைத் தொகுப்புகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். என்னிடம் வருகிறவர்களில் பலர், சி.டி.யை டிரைவில் போட்டு, கைக்குக் கிடைத்த மென்பொருளில் ரிப் செய்து (பாட்டைக் கணினிக் கோப்பாக எடுத்து), பிழைச்செய்தி எதுவும் வராமல் வேலை முடிந்தால் பாட்டு முழுமையாக வந்துவிட்டது என்றே நம்புகிறார்கள். கோப்புகளும் புகைப்படங்களும் உள்ள தட்டுக்கு இந்த நம்பிக்கை பெரும்பாலும் பொருந்தும். ஆடியோ சி.டி.க்குப் பொருந்தாது.

காரணம் தட்டின் அமைப்பிலேயே இருக்கிறது. பிலிப்ஸும் சோனியும் 1980-இல் வகுத்த தரத்தின்படி, ஆடியோ சி.டி.யில் ஒரு நொடி இசை 75 செக்டர்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு செக்டரிலும் உள்ள 2,352 பைட்டும் ஒலிக்கே செலவாகிறது. தரவுத் தட்டிலோ அதே இடத்தில் 2,048 பைட் மட்டுமே தரவுக்கு. எஞ்சியதில் பெரும்பகுதி, பிழையைக் கண்டறிந்து திருத்துவதற்கான கூடுதல் குறியீடுகளுக்குப் போகிறது. ஆடியோ தட்டிலும் அடிப்படைப் பிழைதிருத்தம் உண்டு. தரவு எழுதப்பட்டிருக்கும் சுருள் தடத்தின் வழியே ஏறத்தாழ 2.5 மில்லிமீட்டர் வரை தரவு அழிந்திருந்தாலும் அது முழுமையாக மீட்டுவிடும். சேதம் அதைத் தாண்டினால், பல டிரைவுகள் முன்னும் பின்னும் உள்ள மதிப்புகளைப் பார்த்து நடுவில் ஒன்றை ஊகித்து நிரப்பிவிட்டு, எதுவும் நடக்காததுபோல் மேலே படிக்கத் தொடங்கிவிடும். கூடத்தில் பாட்டுக் கேட்பவருக்கு இது போதும். காலத்துக்கும் வைத்துக்கொள்ளப்போகிற பிரதியில் அது நிரந்தரக் குறையாகத் தங்கிவிடுகிறது.

ஆகவே, தட்டு தானாகச் சொல்லாத உறுதியை நாம்தான் தேடிப் பெற வேண்டும். விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்.எல்.டி., லினக்ஸில் விப்பர் போன்ற மென்பொருள்கள் இதற்கென்றே எழுதப்பட்டவை. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் செக்யூர் மோடில் ஒவ்வொரு பகுதியும் இருமுறை படிக்கப்படும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 16 முறை வீதம் மீண்டும் மீண்டும் படித்து, அவற்றில் 8 ஒன்றாக இருந்தால் மட்டுமே அதைச் சரியென்று ஏற்கும். இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். பல டிரைவுகள் ஒருமுறை படித்ததைத் தம் தற்காலிக நினைவகத்தில் (கேஷ்) வைத்திருந்து, மறுபடி கேட்கும்போது தட்டைத் தொடாமலே அதையே எடுத்துக் கொடுத்துவிடும். கேஷ் இருக்கும் டிரைவ் என்பதை அமைப்புகளில் குறிக்காமல் விட்டால், இருமுறை படித்ததாக நாம் எண்ணிக்கொள்வது உண்மையில் ஒருமுறை படித்ததாகவே இருக்கும்.

அடுத்தது ஆஃப்செட். ஒவ்வொரு டிரைவ் மாடலும் பாட்டின் தொடக்கத்தைச் சில மாதிரிகள் (ஒலியை நுண்ணிய இடைவெளிகளில் அளந்த மதிப்புகள்) முன்னதாகவோ பின்னதாகவோ எடுக்கிறது. நொடிக்கு 44,100 மாதிரிகள் என்னும் கணக்கில், 667 மாதிரிகள் தள்ளிப் படிக்கும் டிரைவில்கூட வித்தியாசம் 15 மில்லி நொடிதான், காதுக்குத் தெரியாது. ஆனாலும் அதைத் திருத்திக்கொண்டால்தான் வெவ்வேறு டிரைவுகளில் எடுத்த பிரதிகளை நேருக்கு நேர் ஒப்பிட முடியும். பலர் எடுத்த பிரதிகளின் சரிபார்ப்பு எண்களை, அதாவது பிரதியின் தரவிலிருந்து கணக்கிடும் அடையாள எண்களை, சேர்த்துவைக்கும் அக்யூரேட்ரிப் தரவுத்தளம் நிற்பதே இந்த ஒப்பீட்டின் மேல்தான்: அதே தட்டை வேறு ஊரில், வேறு டிரைவில் எடுத்த முன்பின் அறியாதவர்களின் சரிபார்ப்பு எண்ணும் நம்முடையதும் ஒன்றாக இருந்தால், அதைவிட வலுவான சான்று கிடைப்பது அரிது.

நம்மவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. சிறு நிறுவனங்கள் வெளியிட்ட கச்சேரித் தட்டுகளும் பக்திப் பாடல் தட்டுகளும் பல நேரங்களில் அந்தத் தரவுத்தளத்தில் இருப்பதில்லை. அப்போது ஒரே டிரைவில் இருமுறை எடுத்துச் சரிபார்ப்பு எண்களை ஒப்பிடுவதோடு நிறுத்திவிடக் கூடாது. சேதமுள்ள இடத்தை ஒரு டிரைவ் இரண்டு முறையும் ஒரே மாதிரித் தவறாகப் படிக்கக்கூடும். வேறொரு தயாரிப்பு டிரைவில் இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுவதையே நான் வற்புறுத்துகிறேன்.

தட்டைத் துடைக்கும்போது மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள். வட்டமாகத் துடைத்து விழும் கீறல் தடத்தோடு ஓடித் தொடர்ச்சியான தரவை அழித்துவிடும். பளபளப்பான பக்கத்தைவிடப் பெயர் அச்சிட்ட பக்கமே மென்மையானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தப் பக்கம் அலுமினியப் படலத்தின் மேல் மெல்லிய பூச்சு மட்டுமே இருக்கிறது. அங்கே ஒட்டிய விலைச் சீட்டைப் பிய்த்தெடுத்த தட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஊசித் துளைகளாக வெளிச்சம் வருவதைக் காணலாம். படலம் போன இடத்தில் எந்த மென்பொருளாலும் தட்டிலிருந்து எதையும் படிக்க முடியாது.

ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதியை அணைத்துவிட்டு, தரவு எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமியுங்கள். எம்.பி.3 வேண்டுமானால் அதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பிரதி எடுத்த விவரங்களை மென்பொருள் எழுதித் தரும் லாக் கோப்பைப் பாடல்களோடு அதே ஃபோல்டரில் வைத்திருங்கள். சந்தேகத்துக்குரிய இடம் என்று அதில் நிமிடமும் நொடியும் குறிக்கப்பட்டிருந்தால், அங்கே போய்க் காதால் கேட்டு, கேட்டதை எழுதிவையுங்கள். பின்னாளில் அதே வெளியீட்டின் நல்ல தட்டு ஒன்று கிடைத்தால், அந்த டிராக்கை மட்டும் மறுபடி எடுத்து மாற்றிக்கொள்ளலாம்.