வெங்காயத்தாமரையைப் போட்டால் பாசி வளருமா?

ஏரியில் அள்ளிக் குவிக்கும் வெங்காயத்தாமரையால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். உரம், கூடை எல்லாம் பலருக்கும் தெரியும். அதை வைத்து நுண்பாசி (கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னப் பாசி) வளர்க்கலாம் என்பது அவ்வளவாகத் தெரியாது.

தென் அமெரிக்காவிலிருந்து அலங்காரச் செடியாகக் கிளம்பியது இது. சாக்கடை கலந்த நீரிலுள்ள நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் உறிஞ்சியே கொழுக்கும். சூழல் அமைந்தால் இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகும். எடையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர் என்பதால் லாரி வாடகை தண்டம். கரையிலேயே நறுக்கி, சாணக் கரைசலோடு காற்றுப் புகாத கலனில் போட்டுவிடலாம். பாக்டீரியாக்கள் மக்கவைத்ததும் மேலே எரிவாயு சேரும். செடியின் புரதத்திலிருந்த நைட்ரஜன், கீழே தங்கும் கரைசலில் அம்மோனியமாகக் கிடக்கும். குளோரெல்லா போன்ற பாசிகளுக்கு அது முதல்தரச் சாப்பாடு.

ஆனால் அப்படியே பாசித் தொட்டியில் ஊற்றக்கூடாது. கரைசல் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும், வெளிச்சம் இறங்காது. சரி, வடிகட்டித் தண்ணீர் கலந்தால் தீர்ந்தது. அடுத்த சிக்கல்தான் எனக்குப் பிடித்தது. ஒளிச்சேர்க்கைக்காகப் பாசி கார்பன் டை ஆக்சைடை இழுக்க இழுக்க, நீரின் காரத்தன்மை ஏறும். அதை அளக்கும் பி.எச். எண் 7ஆக (நடுநிலையாக) இருக்கையில் அம்மோனியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட அம்மோனியாவாக மாறியிருக்காது; 9.25ஐத் தொட்டால் சரிபாதி மாறிவிடும். அம்மோனியத்துக்கு மின்னேற்றம் உண்டு, செல் சவ்வு அதைச் சும்மா உள்ளே விடாது. மின்னேற்றம் இல்லாத அம்மோனியாவோ சுலபமாக நுழைந்து, ஒளிச்சேர்க்கையில் தண்ணீரைப் பிளக்கும் அமைப்பையே கெடுக்கும். நல்ல வெயிலில் செழிப்பாக வளரும் பாசி, தன் சாப்பாட்டைத் தானே விஷமாக்கிக்கொள்கிறது!

மருந்தும் அதே கலனில்தான் இருக்கிறது. அந்த எரிவாயுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கார்பன் டை ஆக்சைடு. அதை நீரில் கரைத்தால் பி.எச். இறங்கும், பாசிக்குக் கார்பன் கிடைக்கும், மிஞ்சும் வாயுவில் மீத்தேன் பங்கு கூடி அடுப்பும் நன்றாக எரியும். பாசி விடும் ஆக்சிஜன் மீத்தேனோடு கலந்தால் வெடிக்கலாம் என்பதால், வாயுவைத் தனிக் குழாயில் கரைத்து, நீரை மட்டும் தொட்டிக்கு அனுப்புவது நல்லது.

செலவெல்லாம் அறுவடையில். திறந்த தொட்டியில் லிட்டருக்கு ஒரு கிராம் பாசி தேறுவதே கஷ்டம். சில மைக்ரோமீட்டர் செல்களைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரம் மின்சாரத்தைக் குடிக்கும். செடியை அள்ள வருஷா வருஷம் ஜே.சி.பி.க்குக் கொடுப்பதில் கொஞ்சத்தை மலிவான வடிமுறை ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் என்ன?

அப்புறம், நகரத்து ஏரிச் செடியின் வேரில் ஈயம், காட்மியம் சேர்ந்திருக்கலாம்; கரைசல் வழியே அது பாசிக்கும் வரலாம். சர்வரோக நிவாரணி என்று பாசி மாத்திரை விற்பவர்கள் பெருகிவிட்ட காலம் இது. இந்தத் தொட்டிப் பாசியை எரிபொருளாக்கலாம், மாத்திரையாக்கக் கூடாது.