"சார், எத்தனை மாசம்?"

ஸ்கேன் ஃபிலிமைக் கவருக்குள் போட்டுக் கொடுத்ததும் அப்பாவை வெளியே உட்காரவைத்துவிட்டு மகன் மட்டும் திரும்பி வருவார். "சார், எத்தனை மாசம்?" கணையப் புற்றுநோய் என்றால் இந்தக் கேள்வி தப்பாது. ஐந்தாண்டு உயிர்வாழ்வோர் 13 சதவீதம்தான் என்று அதற்குள் கூகுளில் பார்த்திருப்பார்.

அது அமெரிக்கக் கணக்கு, எல்லா நிலையினரையும் ஒன்றாகச் சேர்த்துப் போட்டது. கட்டி கணையத்தைத் தாண்டாதபோதே தெரிந்துவிட்டால் 100 பேரில் ஏறக்குறைய 44 பேர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறார்கள். கல்லீரல், நுரையீரல் என்று பரவிவிட்டால் மூன்று பேர். அதனால் நான் முதலில் பார்ப்பது, கட்டியை வெட்டி எடுக்க முடியுமா என்பதைத்தான். 100 பேரில் 15 முதல் 20 பேருக்குத்தான் அது முடிகிறது. எடுத்தபின் உடம்பு தாங்குபவர்களுக்கு நான்கு மருந்து சேர்ந்த கீமோ கொடுத்ததில், பாதிப் பேர் 54 மாதங்களுக்கு மேல் இருந்ததாக 2018இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பரவியவர்களுக்கு இதே கூட்டு மருந்தில் பாதிப் பேர் தாண்டியது சுமார் 11 மாதம். 'பாதிப் பேர்' என்பதைக் கவனியுங்கள். அது கெடு அல்ல, பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருக்கிறார்கள்.

கணையத்தில் கட்டி வந்தும் ஆப்பிள் நிறுவனர் ஸ்டீவ் ஜாப்ஸ் எட்டு வருஷம் இருந்தாரே என்பார்கள். அவருக்கு வந்தது ஹார்மோன் சுரக்கும் செல்களில் உருவாகி, பெரும்பாலும் மெதுவாக வளரும் நியூரோஎண்டோகிரைன் கட்டி. உறுப்பு ஒன்றுதான், நோய் வேறு.

நம் ஊரில் காலம் போவது வேறு இடத்தில். கண் மஞ்சளானால் கீழாநெல்லி, பத்தியம், நாட்டு மருந்து. வலியில்லாத காமாலை, உடம்பெல்லாம் அரிப்பு, வெளிறிய மலம் மூன்றும் சேர்ந்து வந்தால் பித்தக்குழாய் அடைபட்டிருக்கலாம். அடைப்பைக் கஷாயம் கரைக்காது. அல்ட்ராசவுண்டில் 'நார்மல்' என்று வந்ததோடு நிறுத்திவிடவும் கூடாது. குடலில் இருக்கும் காற்று கணையத்தை மறைத்துவிடும். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேன் வேண்டும்.

ஒருவர் பெல்ட்டில் ஆணியால் புதிதாக இரண்டு ஓட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயதில் திடீரென்று சர்க்கரை, கூடவே எடை இறக்கம். சர்க்கரையால்தான் இளைத்தேன் என்று ஆறு மாதம் மாத்திரையை மட்டும் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார். புதிதாகச் சர்க்கரை வந்த எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. சாப்பிட்டும் இளைத்தால் மட்டும், கணையத்தில் கட்டி இருக்குமோ என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

அப்புறம், சாப்பாட்டைச் செரிக்கவைக்க நாங்கள் எழுதித்தரும் என்சைம் கேப்சூல். கணையம் சுரக்காமல் போனால் தின்றது எதுவும் உடம்பில் ஒட்டாது, மலம் எண்ணெயாக மிதக்கும். கீமோவைத் தாங்கவே தெம்பு வேண்டுமே! பலர் இதைக் கேஸ் மாத்திரை போல வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு, பலனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள். முதல் கவளத்தோடு விழுங்குங்கள். காபி, பிஸ்கட் என்றாலும் பாலும் கொழுப்பும் இருந்தால் அதற்கும் ஒன்று.