அமெரிக்கக் கல்விக்கடன் தள்ளுபடி: யாருக்குக் கட்டுப்படியாகும்?

அமெரிக்காவில் அரசு வேலையிலோ வரிச்சட்டத்தின் 501(சி)(3) பிரிவில் பதிவுள்ள தொண்டு நிறுவனத்திலோ வாரம் 30 மணி நேரமாவது வேலை பார்த்தபடி 120 மாதத் தவணை கட்டினால், மீதிக் கடன் தள்ளுபடி. 2007-இல் வந்த இத்திட்டத்தைச் சுருக்கமாக பி.எஸ்.எல்.எஃப். என்பார்கள். மத்திய அரசின் 'டைரக்ட் லோன்' மட்டுமே இதில் சேரும். தனியார் கடன் சேராது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு அந்த அரசுக் கடனே கிடையாது. ஊர் வங்கியில் வாங்கிய கடனை இதை நம்பி விட்டுவைக்க வேண்டாம்.

கடன் ஆண்டுச் சம்பளத்தைவிடப் பெரிதா என்பதுதான் முதல் கேள்வி. தனியாள், சம்பளம் 60,000 டாலர் என்று வையுங்கள். 2025 வறுமைக்கோடு 15,650 டாலர். அதன் ஒன்றரை மடங்கான 23,475-ஐக் கழித்து, மிச்சத்தில் 10 சதவீதம் என்றால் மாதத் தவணை சுமார் 304 டாலர். இது வருமானத்தை வைத்துத் தவணையைத் தீர்மானிக்கும் ஐ.பி.ஆர். முறையில், 2014 ஜூலைக்குப் பின் முதன்முதலாகக் கடன் வாங்கியவர்களுக்கான கணக்கு, முந்தையவர்களுக்கு 15 சதவீதம்.

கடன் 30,000, வட்டி 6 சதவீதம் என்றால் சாதாரண பத்தாண்டுத் தவணையே 333 டாலர்தான். சம்பளம் கொஞ்சம் ஏறினாலே தள்ளுபடிக்கு ஒன்றும் மிஞ்சாது. இதற்காகக் குறைந்த சம்பளத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது வீண். அதே ஆளுக்கு 7 சதவீதத்தில் 2,00,000 கடன் என்றால் சாதாரணத் தவணை 2,322. 304 டாலர் மாத வட்டிக்கே போதாது. இவர் கட்டாயம் இதில் இருக்க வேண்டும். பயிற்சிக்காலச் சம்பளத்தில் இருக்கும் இளம் மருத்துவர்கள் பெரும்பாலும் இந்த ரகம். அவர்கள் முதல் மாதத்திலிருந்தே 120 தவணை எண்ணிக்கையைத் தொடங்கிவிட வேண்டும்.

சிக்கல் வருவது பெரும்பாலும் முதலாளி விஷயத்தில். வேலை செய்யும் ஆஸ்பத்திரி தொண்டு நிறுவனமாக இருக்கலாம். சம்பளம் தருவது தனியார் மருத்துவக் குழுவாக இருந்தால் பொதுவாகத் தகுதி இல்லை. முதலாளி ஆண்டுதோறும் தரும் சம்பள-வரிச் சான்றான டபிள்யூ-2 படிவத்தில் உள்ள முதலாளி எண்ணை, அரசின் கல்விக்கடன் தளத்தில் உள்ள தேடுபெட்டியில் போட்டுப் பாருங்கள். வேலைச் சான்றுப் படிவத்தை வருஷத்துக்கு ஒருமுறையும், வேலை மாறும்போதும் கொடுத்துவிடுங்கள். பத்தாம் வருஷம் பழைய அலுவலகத்தைத் தேடிப்போய்க் கையெழுத்து வாங்குவது பெரும்பாடு. 120 தவணைகள் தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை.

மணமானவர்கள் வரிக்கணக்கைத் தனித்தனியே தாக்கல் செய்தால் ஐ.பி.ஆரில் தவணை குறையலாம். சில வரிச்சலுகைகள் போகும். இரண்டையும் போட்டுப் பார்த்து முடிவெடுங்கள்.

பி.எஸ்.எல்.எஃப். தள்ளுபடிக்கு மத்திய வருமான வரி இல்லை. தனியார் வேலையில் இருந்து 20, 25 வருஷம் கட்டிப் பெறும் தள்ளுபடி வேறு: 2025-உடன் அதற்கான வரிவிலக்கு முடிந்துவிட்டது. தள்ளுபடியான தொகை அந்த வருஷ வருமானத்தோடு சேரும் என்பதால், வரிக்கென்று தனியே சேர்த்துவர வேண்டும்.